உண்ணிக் காய்ச்சலும் இரவல் நுண்ணுயிரியும்

இந்தியாவில் உண்ணிக்கடியால் வரும் டைபஸ் காய்ச்சல் குறித்த தொடக்ககாலப் பதிவு 1917ஆம் ஆண்டினது. குமாவோன் மலைப்பகுதியில் உண்ணி கடித்தபின் கண்ட காய்ச்சலை இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ஜான் மெகா பதிவுசெய்தார். நோய்க்காரணியான ரிக்கெட்சியா உயிரணுக்களுக்குள் மட்டுமே பெருகும். சாதாரண வளர்ப்பு ஊடகத்தில் வளராது. காரணியை எளிதில் பிரித்துக் காட்ட இயலாத நிலையில், நோயறிதல் ஓர் இரவல் நுண்ணுயிரியை நாடியது.

அந்த இரவல் தற்செயலாகக் கிடைத்தது. முதல் உலகப்போரின்போது கலீசியாவில் பணியாற்றிய எட்மண்ட் வைலும் ஆர்தர் ஃபெலிக்ஸும் டைபஸ் நோயாளியின் சிறுநீரிலிருந்து புரோட்டியஸ் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். நோயாளிகளின் சீரம் அதனைத் திரளச் செய்தது. புரோட்டியஸ் நோய்க்காரணி அன்று. இரண்டுக்கும் ஒத்த ஆன்டிஜென் இருந்ததே காரணம். 1916இல் பிறந்த அச்சோதனை இருவர் பெயராலும் வழங்குகிறது. வைல் 1922இல் ஆய்வகத்தில் தொற்றிய டைபஸாலேயே இறந்தார்.

அடுத்த திருப்பம் கோலாலம்பூரில் நேர்ந்தது. கிங்ஸ்பரி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த புரோட்டியஸ் வளர்ப்பு, நகர நோயாளிகளின் சீரத்துடன் திரளாமல், புதர்க்காடுகளில் உழைத்தவர்களின் சீரத்துடன் திரண்டது. 1920களில் ஃபிளெட்சரும் லெஸ்லரும் இந்த வேறுபாட்டைக் கொண்டு, உண்ணியின் உறவினமான சிற்றுண்ணியின் இளம்புழு பரப்பும் புதர் டைபஸைப் பிரித்தறிந்தனர். ஓ.எக்ஸ்.கே. என்ற பெயரிலுள்ள ‘கே’ கிங்ஸ்பரியைக் குறிப்பது.

எனினும் இச்சோதனையின் குறை அதன் பிறப்பிலேயே உள்ளது. ஆன்டிபாடி பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில்தான் போதிய அளவு தோன்றும். வேறு தொற்றுகளிலும் திரட்சி காணப்படலாம். இன்று ஐ.ஜி.எம். எலைசா, பி.சி.ஆர். ஆகியவை நம்பகமானவை, ஆயினும் வசதி குறைந்த ஆய்வகங்களில் பழைய சோதனை இன்னும் நீடிக்கிறது.

இதன் விலை உயிர். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2022 ஜூன் மாதம் புதர் டைபஸால் இருவர் இறந்தனர். கேரளத்தில் ‘செள்ளுப்பனி’ எனப்படும் இந்நோய்க்கு மருந்தான டாக்சிசைக்ளின் விலை மலிந்தது. பென்சிலின் வகை மருந்துகள் இதற்குப் பயன்படா. ஆகவேதான், ஐயம் எழுந்தவுடன் ஆய்வக முடிவுக்குக் காத்திராது சிகிச்சையைத் தொடங்குமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2015 வழிகாட்டுதல் கூறுகிறது.

புதர் டைபஸில் கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோன்ற கரிய பொருக்கு உருவாவதுண்டு. எல்லாரிடமும் அது தோன்றுவதில்லை. தோன்றினாலும் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி ஆகிய மறைவிடங்களில் வலியின்றி இருக்கும். ஆடை விலக்கித் தேடினாலன்றித் தென்படாது. நூறாண்டு ஆய்வக வரலாற்றுக்குப் பின்னும், இந்நோயின் மிக விரைவான சான்றைக் கண்டறிவது மருத்துவரின் கண்ணே.