பெட்டியில் வந்ததும் பள்ளியில் வந்ததும்: லால்பேட்டை வட்டாரத்தில் லேப்டாப்

கடலூர் மாவட்டத்தின் தெற்கே, வீராணம் ஏரியை ஒட்டி, காட்டுமன்னார்கோயிலுக்கு அடுத்து இருக்கும் லால்பேட்டைக்கு லேப்டாப் இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. ஒன்று, வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பியவர்களின் பெட்டி. இன்னொன்று, அரசின் இலவசத் திட்டம். பழுதான லேப்டாப்பைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா என்பதை இந்த வட்டாரத்தில் நெடுங்காலம் முடிவு செய்தது பொருளின் தரம் அல்ல. அது எந்த வழியில் வந்தது என்பதுதான்.

லேப்டாப்புக்கு முன்பே இங்கே பழுதுபார்ப்புத் தொழிலுக்கு ஒரு வளைகுடா அத்தியாயம் இருந்தது. 1970களிலும் 80களிலும் சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள், கொண்டுவந்த டேப் ரெக்கார்டர், டூ-இன்-ஒன், பிறகு வி.சி.ஆர். ஆகியவை கெட்டுப்போனால் புதிது வாங்க உள்ளூரில் கடை கிடையாது. இறக்குமதி வரியும் கடுமையாக இருந்தது. சவூதி அரேபியாவில் வீடுகளுக்கு 127 வோல்ட் மின்சாரம் வந்த காலம் அது. அங்கே வாங்கிய கருவியை இங்குள்ள 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைதான் வரும். ஆகவே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விற்பதும், அதை மறந்து செருகியவர்களின் கருவிகளைப் பிழைக்க வைப்பதும் ரேடியோ மெக்கானிக்குகளின் நிலையான பிழைப்பாக இருந்தன. சரிசெய்வதைத் தவிர வேறு வழியே இல்லாத காலம் என்று அதைச் சொல்லலாம்.

2004 ஜனவரியில் மத்திய அரசு சுங்க விதியில் ஒரு சலுகை தந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் 18 வயது நிறைந்த பயணி ஒருவர், ஒரு லேப்டாப்பைத் தன் பெட்டியில் வரி இல்லாமல் கொண்டுவரலாம். துபாயிலிருந்தோ குவைத்திலிருந்தோ வருபவரிடம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் பொருள்களின் பட்டியலில் லேப்டாப் ஏறியது இதன் பிறகுதான். அப்படி வந்தவற்றைப் பார்த்ததும் அடையாளம் தெரியும். விசைப்பலகையில் ஆங்கில எழுத்தின் பக்கத்தில் அரபு எழுத்து இருக்கும். ஜாமிஆ மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி இருக்கும் ஊருக்கு அது ஒன்றும் புதுமையாகப் பட்டிருக்காது. சார்ஜரின் பிளக்கில் பிரிட்டிஷ் முறைப்படி மூன்று தட்டைக் கம்பிகள் இருக்கும். நம்மூர் உருண்டைத் துளையில் அது நுழையாது. ஆனால் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்றுக்கொண்டதால் டிரான்ஸ்ஃபார்மருக்கு வேலை இல்லாமல் போனது.

வாங்கிய நாட்டில் மட்டும் செல்லுபடியாகும் உத்தரவாதம்தான் பெரிய சிக்கல். லேப்டாப் சூடேறி அணைந்தால் சிதம்பரத்திலோ கடலூரிலோ உள்ள தனியார் சர்வீஸ் கடைதான் கதி. புதிது வேண்டுமென்றால், வெளிநாட்டில் இருப்பவரின் அடுத்த விடுமுறைவரை காத்திருக்க வேண்டும். அதுவரை பழையதை எப்படியாவது ஓட்ட வேண்டும்.

அந்தக் கால லேப்டாப்புகள் சூட்டுக்குப் பேர்போனவை. 2006 ஆகஸ்டில் சோனி தயாரித்த பேட்டரிகள் தீப்பற்றும் அபாயத்தால் டெல் நிறுவனம் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதத்தில் ஆப்பிள் 18 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியதால், உலகம் முழுவதும் தயாரிப்பாளர்கள் ஈயம் இல்லாத சால்டருக்கு மாறினார்கள். அது கூடுதல் வெப்பத்தில்தான் உருகும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்தால் விரிசல் விடுவது குறித்த அனுபவமும் அப்போது குறைவு. இந்தச் சூழலில் 2008 ஜூலையில், லேப்டாப்புக்கான தன் கிராபிக்ஸ் சிப்புகள் சிலவற்றில் கட்டுமானக் குறை இருப்பதாக என்விடியா ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. திரை கறுத்துப்போன இப்படிப்பட்ட போர்டுகளுக்கு ஹாட் ஏர் அடித்துச் சிப்பைச் சூடாக்கினால் மறுபடி உயிர் வரும். சில வாரமோ சில மாதமோ ஓடும். பிறகு மறுபடி கறுக்கும். இதைப் பழுதுநீக்கம் என்று சொல்லிப் பணம் வாங்கியது தொழிலுக்குப் பெருமை சேர்க்கவில்லை. சிப்பைக் கழற்றிப் புதுச் சால்டர் குண்டுகள் பதித்து ஒட்டும் ரீபாலிங் வேலை இதைவிட நேர்மையானது. ஆனால் அதற்கான கருவியும் கைப்பழக்கமும் இருந்த கடைகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களிலேயே கூடுதலாக இருந்தன.

சூட்டின் காரணங்களில் பெரும்பாலானவை இவ்வளவு ஆழமானவை அல்ல. பிராசசரின் வெப்பத்தைச் செப்புக் குழாய் ஒன்று ஹீட் சிங்குக்குக் கடத்துகிறது. ஃபேன் அதை வெளியே தள்ளுகிறது. சிப்புக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் உள்ள நூலிழை இடைவெளியை வெப்பம் கடத்தும் பேஸ்ட் நிரப்புகிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் பேஸ்ட் காய்ந்து பொடியாகிறது. ஹீட் சிங்கின் மெல்லிய தகடுகளுக்குள் தூசி நெய்த துணிபோல் படிகிறது. அடிப்பக்கத்தில் காற்றுத் துளை உள்ள லேப்டாப்பை இலவம்பஞ்சு மெத்தையில் வைத்துப் படம் பார்த்தால் துளை அடைபடுவதோடு பஞ்சும் உள்ளே போகிறது. சித்திரை, வைகாசியில் அறையே 38 டிகிரி செல்சியஸைத் தொடும் ஊரில் ஃபேனுக்கு மேலும் சுமை. வெப்பம் 100 டிகிரியை நெருங்கினால் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் இயந்திரம் தானாக அணையும். உரிமையாளர் இதை "ஸ்லோ ஆயிடுச்சு" என்று சொல்லிக் கடைக்குக் கொண்டுவருவார். தூசி தட்டிப் புதுப் பேஸ்ட் வைத்தாலே போதுமான லேப்டாப்புக்கு விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றிக் கொடுத்த கடைகளும் இருந்தன.

2011 செப்டம்பர் 15இல் இலவச லேப்டாப் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்குமாக முதல் ஆண்டில் 9.12 லட்சம் லேப்டாப்புகள், 912 கோடி ரூபாய் செலவில், அரசு நிறுவனமான எல்காட் மூலம் வாங்கப்பட்டன. 2 ஜி.பி. ராம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அந்த ஸ்டார்ட்டர் பதிப்பில் திரையின் பின்படத்தைக்கூட மாற்ற முடியாது.

கடலூர் மாவட்டத்தில் திட்டத்தின் தொடக்கமே சோதனையாக அமைந்தது. 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அடுத்து வந்த 2012, தமிழகத்தின் மோசமான மின்வெட்டு ஆண்டு. நெய்வேலி அனல்மின் நிலையங்களைத் தன்னுள் வைத்திருக்கும் மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. கரண்ட் இருக்கும்போது நூறு சதவீதம் ஏற்றுவது, போனபின் சுத்தமாகத் தீரும்வரை ஓட்டுவது என்று பேட்டரிகள் தினமும் பலமுறை வடிக்கப்பட்டன. சில நூறு சுற்றுகளுக்குப் பின் லித்தியம் அயன் பேட்டரியின் கொள்ளளவு தேய்வது இயல்பு. வெப்பம் அதை விரைவுபடுத்தும். ஆகவே இந்தத் தலைமுறை லேப்டாப்புகளில் முதலில் செத்தது பேட்டரிதான்.

ஆனால் பழுதுபார்ப்புத் தொழிலுக்கு இந்தத் திட்டம் எதிர்பாராத நன்மை செய்தது. வளைகுடாவிலிருந்து வந்த லேப்டாப்புகள் ஒவ்வொன்றும் ஒரு மாடல். உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். அரசு கொடுத்தவையோ ஒரே மாடலில் ஆயிரக்கணக்கில் இருந்தன. கீபோர்டு, ஃபேன், அடாப்டர் எல்லாம் மலிவாகக் கிடைத்தன. போர்டு போன லேப்டாப்பின் திரை, உடைந்த திரைக்காரருக்கு உதவியது. இலவச லேப்டாப்பை விற்கக்கூடாது என்று அரசு எச்சரித்தபடி இருக்க, அவை பழைய பொருள் சந்தைக்கு வந்தபடியும் இருந்தன. 2020 வாக்கில் திட்டம் நிற்கும்வரை மாநிலம் முழுவதும் 50 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டன. ஒரு தலைமுறைச் சர்வீஸ்காரர்கள் கை பழகியது இவற்றில்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களின் வருகையால் அண்ணாமலை நகரும் சிதம்பரமும் இத்தொழிலுக்கு ஏற்ற இடங்களாக இருந்தன.

அடுத்த திருப்பம் எதிரெதிரான இரண்டு மாற்றங்களால் வந்தது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி. மலிவானபோது, தூக்கிப் போட இருந்த பல லேப்டாப்புகளுக்கு மூன்று நான்கு ஆண்டு ஆயுள் கூடியது. சுழலும் தட்டு இல்லாததால் அந்தப் பகுதியின் சூடு குறைந்தது, அதிர்வு தீர்ந்தது. மறுபுறம், 2011இல் இன்டெல் முன்வைத்த அல்ட்ராபுக் வகை பரவியதும் லேப்டாப் மெலிந்தது. ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. பேட்டரி உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. ஒரு உறுப்பு போனால் போர்டையே மாற்ற வேண்டிய நிலை வந்தது. பழுதுபார்ப்பவரின் திறமைக்கு வேலை குறைந்தது இங்கேதான். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை தொடங்கிய பழுதுநீக்க உரிமைத் தளம் நல்ல தொடக்கம்தான். ஆனால் ஒட்டிய பேட்டரியை அது கழற்றித் தராது.

2020இல் பள்ளிகள் மூடி வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது பரணில் கிடந்த லேப்டாப்புகள் இறங்கி வந்தன. அந்த ஆண்டு ஜனவரி 14இலேயே விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியிருந்தது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கும் அதுவே நடந்தது. விண்டோஸ் 11, பெரும்பாலும் 2018க்குப் பிந்தைய பிராசசர்களை மட்டுமே ஏற்கிறது. சூடே இல்லாமல் நன்றாக ஓடும் லேப்டாப்பும் மென்பொருளால் பழையதாகிவிடும் நிலை இப்படி வந்தது. லினக்ஸ் போட்டுக்கொள்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தாது. புதிது வாங்க முடியாதவர்களுக்கு மூன்றாவது வழியாக, ஐ.டி. நிறுவனங்கள் கழித்துவிடும் அலுவலக லேப்டாப்புகள் செகண்ட் ஹேண்டில் வருகின்றன. மெலிதான மலிவு மாடலைவிட இவற்றைத் திறப்பதும் சுத்தம் செய்வதும் எளிது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது.

சூடு மட்டுமே குறை என்றால், தூசியும் பேஸ்ட்டும் ஃபேனும் பார்த்துச் சரிசெய்வதே இன்றும் லாபம். போர்டு போய், பேட்டரியும் போய், விண்டோஸ் 11உம் ஏறாது என்றால் புதிதோ நல்ல செகண்ட் ஹேண்டோ வாங்குவதே சரி. எதைச் செய்தாலும், உப்பிப்போன பேட்டரியைச் சார்ஜில் போடவும் வேண்டாம், பழைய இரும்புக் கடையில் போடவும் வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளும் அதற்கு முந்தைய ஆண்டு வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் இவற்றை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் வைத்திருக்கின்றன.