பேஸ்போல் ஆட்டக்காரரின் விலையும் மதிப்பும்

உழைப்பின் பெறுமதி யாது என்ற வினாவுக்குப் பொருளியல் நூல்கள் தரும் விடைகள் பல. ஆயின் அவ்வினா ஆண்டுதோறும் மக்கள் முன்னிலையிலே இலக்கங்களோடு வாதிக்கப்படும் களம் ஒன்று உண்டெனில், அது ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் களமே எனலாம். அங்கு சாதாரண இரசிகனும் மூன்று விடயங்களிலே தீர்க்கமான அபிப்பிராயம் உடையவன்: எந்த ஆட்டக்காரர் பெறும் சம்பளத்துக்குத் தகுதியானவர், நடுவர் எங்கே தவறினார், முகாமையாளர் எறிவாளரை எப்பொழுது மாற்றியிருக்க வேண்டும். வெறும் வம்பளப்பாகத் தோன்றும் இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதும், அவற்றின் அடியிலே நீண்டதொரு தொழிலுறவு வரலாறு கிடக்கின்றது என்பதும் நோக்கற்பாலன.

தேசிய லீக் 1876 ஆம் ஆண்டில் தோன்றியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1879 இல், கழக உரிமையாளர்கள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்தனர். ஒவ்வொரு கழகமும் ஐந்து ஆட்டக்காரரைத் தனக்கென ஒதுக்கி வைக்கலாம். ஏனைய கழகங்கள் அவர்களை நாடுதல் ஆகாது. ஐந்து என்ற எண்ணிக்கை பின்னர் பதினொன்றாகிக் காலப்போக்கில் எல்லோரையும் உள்ளடக்கியது. இதுவே ‘ஒதுக்கல் வாசகம்’ எனப் பெயர் பெற்றது. ஒப்பந்தம் முடிவடைந்தாலும் ஆட்டக்காரர் விடுதலை அடையார். கழகமோ விரும்பியபோது அவரை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். சட்டம் பயின்ற ஆட்டக்காரரான ஜோன் மொன்ற்கோமரி வார்ட், பேஸ்போல் ஆட்டக்காரர் ஓர் அசையும் சொத்தா என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டு 1887 இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் தலைமையில் 1890 இல் எழுந்த ஆட்டக்காரர் லீக் ஒரே பருவத்தில் அழிந்துபோயிற்று.

சட்டமும் உரிமையாளர் பக்கமே நின்றது. பேஸ்போல் ஆட்டங்கள் மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகம் ஆகா எனவும், எனவே ஏகபோகத் தடைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது எனவும் உயர் நீதிமன்றம் 1922 இல் தீர்த்தது. தீர்ப்பை எழுதியவர் புகழ்பெற்ற நீதியரசர் ஹோம்ஸ். இதற்கு இரண்டரை ஆண்டுகளின் முன்னரே பேப் றூத் என்னும் பேராட்டக்காரரை பொஸ்ரன் றெட் சொக்ஸ் கழகம் நியூயோர்க் யாங்கீஸ் கழகத்துக்கு ஓர் இலட்சம் டொலருக்கு விற்றிருந்தது. விலை கைமாறியது இரு கழகங்களுக்கிடையே என்பது கவனத்திற்குரியது. ‘விலை’ என்பது வேறு, ‘சம்பளம்’ என்பது வேறாக இருந்த காலம் அது.

இந்நிலையை நேருக்கு நேர் எதிர்த்தவர் கேர்ட் பிளட். சென் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்தில் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய கறுப்பினத்தவர். மைய வெளிக்களத்திலே அவருக்கு நிகரானோர் சிலரே. 1963 தொடக்கம் 1969 வரை ஆண்டுதோறும் சிறந்த களத்தடுப்பாளருக்கான தங்கக் கையுறை விருதைப் பெற்றவர். 1969 ஒக்ரோபரில் அவரைக் கேளாமலே கழகம் அவரை பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 24 ஆம் திகதி, ஆணையாளர் போவி கூனுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். விருப்பு வெறுப்பைக் கேளாது வாங்கவும் விற்கவும் தக்க உடைமை தாம் அல்லர் என்பது அதன் சாரம். ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் டொலர் பெறுபவர் அடிமைத்தளை பற்றிப் பேசலாமா எனப் பலர் கேட்டனர். நல்ல ஊதியம் பெறினும் விற்கப்படுவோன் விற்கப்படுவோனே என்ற அவரது நிலைப்பாட்டை அக்கேள்வி தொடவேயில்லை.

ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக 1966 முதல் விளங்கிய மார்வின் மில்லர், உருக்குத் தொழிலாளர் சங்கத்திலே பயின்ற பொருளியலாளர். வழக்கு வெல்வது அரிது என பிளட்டிடம் அவர் வெளிப்படையாகவே கூறினார்; ஆயினும் சங்கம் செலவை ஏற்றது. 1970 இல் நடந்த விசாரணையில் ஓய்வுபெற்ற ஜக்கி றொபின்சன் பிளட்டுக்காகச் சாட்சியம் அளித்தார். அப்பொழுது ஆடிக்கொண்டிருந்தவர்களுள் ஒருவரேனும் மன்றுக்கு வரவில்லை. 1972 ஜூன் 19 அன்று உயர் நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் பிளட்டின் முறையீட்டைத் தள்ளியது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் பிளக்மன், பேஸ்போலுக்குள்ள விதிவிலக்கு ஒரு முரண்பாடே என ஒப்புக்கொண்டும், அதைத் திருத்துவது சட்டசபையின் கடன் என்று ஒதுங்கிக்கொண்டார். தீர்ப்பின் முற்பகுதியில் அவர் பழைய ஆட்டக்காரர் பலரின் பெயர்களை ஓர் இரசிகனின் பரவசத்தோடு அடுக்கியிருந்தார். அப்பகுதியில் மட்டும் தம் பெயரைச் சேர்க்க அவரோடு உடன்பட்ட இரு நீதியரசர்களே மறுத்தனர். இரசிக மனம் நீதியாசனத்திலும் அமரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிளட்டின் ஆட்ட வாழ்வு இதற்குள் முடிந்துவிட்டது. 1971 இல் வாஷிங்ரன் கழகத்துக்காகப் பதின்மூன்று ஆட்டங்களில் மட்டும் தோன்றி விலகினார். ஆனால் நீதிமன்றம் மறுத்ததை நடுத்தீர்ப்பு வழங்கியது. அண்டி மெசர்ஸ்மித், டேவ் மக்னலி ஆகிய இரு எறிவாளர்களும் 1975 ஆம் ஆண்டுப் பருவத்திலே ஒப்பந்தத்தில் கையொப்பமிடவில்லை. ஒப்பந்தத்தை ஓராண்டுக்குப் புதுப்பிக்கலாம் என்ற வாசகம் ஓராண்டையே குறிக்குமன்றி முடிவிலாத ஆண்டுகளைக் குறியாது என்று நடுத்தீர்ப்பாளர் பீற்றர் சைற்ஸ் அவ்வாண்டு டிசம்பரில் தீர்த்தார். உரிமையாளர்கள் உடனே அவரைப் பதவி நீக்கினர். தீர்ப்பை நீக்க அவர்களால் இயலவில்லை. 1975 இல் சுமார் 45,000 டொலராக இருந்த சராசரிச் சம்பளம் 1980 இல் சுமார் 143,000 டொலராயிற்று. 1980களின் நடுப்பகுதியில் உரிமையாளர் இரகசியமாகக் கூடிச் சந்தையை முடக்க முயன்று, 1990 இல் 280 மில்லியன் டொலர் இழப்பீடு செலுத்த நேர்ந்தது வேறு கதை.

சந்தை பிறந்ததும் அளவுகோல் தேவைப்பட்டது. பிளட் கடிதம் எழுதிய அதே 1969 இல், சிக்காகோப் பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ற்ஸ்மன் வகுத்த ‘சேவ்’ என்னும் கணக்கு அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. ஆட்டத்தைத் தொடக்கும் எறிவாளர் களைத்தபின் வருவோர் காத்திருக்கும் இடம் ‘புல்பென்’ எனப்படும். அங்கிருந்து மூன்று ஓட்டங்களுக்கு மேற்படாத முன்னிலையோடு வந்து, குறைந்தது ஓர் இனிங்ஸ் எறிந்து, வெற்றியைக் கெடாது முடிப்பவருக்கு ஒரு ‘சேவ்’ உரியதாகும் என்பது அவ்விதியின் பொதுவான வழி. மதிக்கப்படாதிருந்த தொழிலாளருக்கு மதிப்பளிக்கவே அது வகுக்கப்பட்டது. ஆயின் காலப்போக்கிலே கணக்கு ஆட்டத்தை அளப்பது போய், ஆட்டம் கணக்குக்கு இசைந்து நடக்கலாயிற்று. 1974 இல் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில் மாற்று எறிவாளராக வந்து 208 இனிங்ஸ் எறிந்தார். 1988 இல் முகாமையாளர் ரோனி லா றூசா, ஒக்லண்ட் கழகத்தின் டெனிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் ஒன்பதாம் இனிங்ஸுக்கு மட்டும் ஒதுக்கினார். அவர் 45 சேவ் பெற்றார். ஏனைய கழகங்களும் அவ்வழியே சென்றன.

அதன் விளைவு 2016 ஒக்ரோபர் 4 அன்று வெளிப்பட்டது. அவ்வாண்டு 47 வாய்ப்புகளில் 47 சேவ் பெற்ற சக் பிரிற்றன், ரொறொன்ரோவில் நடந்த நீக்கல் ஆட்டத்தில் பால்ரிமோர் அணியின் புல்பென்னிலே அமர்ந்திருந்தார். ஓட்டங்கள் சமநிலை, வருகை தந்த அணிக்கு முன்னிலை கிட்டும்வரை சேவ் இல்லை. முகாமையாளர் பக் ஷோவோல்ரர் அம்முன்னிலைக்காகக் காத்திருந்தார். பதினோராம் இனிங்ஸில் வேறொருவர் எறிந்த பந்தை எட்வின் என்கார்னசியோன் எல்லைக்கப்பால் அடிக்க, பால்ரிமோரின் பருவம் முடிந்தது. தன் சிறந்த எறிவாளரை ஒரு பந்தேனும் எறியவிடாது அணி வீடு திரும்பியது. ஷோவோல்ரரை மட்டும் குறைகூறல் எளிது. அவரைக் கட்டியது 1969 ஆம் ஆண்டின் விதி என்பதே பொருந்தும். அடுத்த ஆண்டு சம்பள நடுத்தீர்ப்பில் யாங்கீஸ் கழகத்தின் டெலின் பெற்றான்செஸ் ஐந்து மில்லியன் டொலர் கோரி மூன்று மில்லியனே பெற்றார். கடினமான இனிங்ஸ்களை எறிந்தவராயினும் அவர் ஆட்டத்தை முடிக்கும் எறிவாளர் அல்லர் என்பது கழகத்தின் வாதம்.

இக்கணக்குகளை ஐயுற்றவர்களுள் முதன்மையானவர் ஓர் இரசிகரே. கன்சாஸ் மாநிலத்தில் உணவுத் தகரத் தொழிற்சாலை ஒன்றின் இரவுக் காவலராயிருந்த பில் ஜேம்ஸ், 1977 இல் தாமே வெளியிட்ட ஆய்வேட்டில் சுமார் 75 பிரதிகளே விற்றன. 2002 இன் இறுதியில் பொஸ்ரன் கழகம் அவரை ஆலோசகராக அமர்த்தியது. ஆட்டத்தின் மிக நெருக்கடியான கட்டத்தில் சிறந்த எறிவாளர் வரவேண்டும், அது ஒன்பதாம் இனிங்ஸாக இருத்தல் கட்டாயமன்று என்ற கருத்துக்கு இணங்க, 2003 இல் அக்கழகம் நிலையான இறுதி எறிவாளர் இன்றித் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே ஒன்பதாம் இனிங்ஸில் 4க்கு 1 என்ற முன்னிலை தொலைந்தது. பத்திரிகைகள் எள்ளி நகையாடின. கருத்து பிழையானது என்பதைவிட, அதனைச் செயற்படுத்தத் தக்க எறிவாளர் கழகத்திடம் இருக்கவில்லை என்பதே பொருத்தமாகும்.

நடுவர் நிலை இதனின்றும் வேறானது போலத் தோன்றும். 2010 ஜூன் 2 அன்று டெற்றொயிற்றில் ஆமான்டோ கலராகா இருபத்தாறு துடுப்பாட்டக்காரரைத் தொடர்ச்சியாக வீழ்த்தியிருந்தார். இருபத்தேழாமவரும் வீழ்ந்தார், நடுவர் ஜிம் ஜோய்ஸ் இல்லை என்றார். ஒளிப்பதிவைக் கண்டபின் அவர் கண்ணீரோடு தம் தவறை ஒப்பினார். மறுநாள் களத்தில் கலராகா அவரிடம் அணிப்பட்டியலைக் கையளித்தார். முழுமையான ஆட்டம் என்ற பெருமை கலராகாவின் கணக்கில் இன்றும் இல்லை. 2014 முதல் இத்தகைய தீர்ப்புகள் ஒளிப்பதிவு கொண்டு மீளாய்வு செய்யப்படுகின்றன.

பந்து ‘ஸ்ரைக்’ வலயத்துள் வந்ததா என்ற தீர்ப்பு மட்டும் நெடுங்காலம் நடுவரின் கண்ணுக்கே விடப்பட்டது. படக்கருவிகள் ஒவ்வொரு பந்தையும் அளக்கத் தொடங்கியதும் வியப்பான ஓர் உண்மை புலனாயிற்று. சில பிடிப்பாளர்கள், கிறிக்கெற் விக்கெற் காப்பாளரை ஒத்த அவர்கள், கையுறையை அசைக்கும் நயத்தால் வலயத்துக்கு வெளியே வந்த பந்துகளையும் ‘ஸ்ரைக்’ என நடுவரை நம்பச் செய்தனர். துடுப்பாட்டத்தில் சாதாரணரான ஹோசே மொலினா போன்றோரின் மதிப்பு இதனால் உயர்ந்தது. நடுவரின் பிழை ஆட்டக்காரரின் சம்பளமாக மாறிய விந்தை இது. 2026 ஆம் ஆண்டுப் பருவம் முதல் ஒவ்வோர் அணியும் இரு முறையீடுகளோடு ஆட்டத்தைத் தொடங்கி, நடுவரின் ‘ஸ்ரைக்’ தீர்ப்பைக் கருவியின் முன் வைக்கலாம் என 2025 செப்டெம்பரில் முடிவாயிற்று. கையுறை நயத்தின் விலை இதனாற் குறையும். முறையிடும் உரிமை எறிவாளர், பிடிப்பாளர், துடுப்பாட்டக்காரர் ஆகிய மூவருக்கே தரப்பட்டுள்ளது. முகாமையாளருக்கோ உரிமையாளருக்கோ அது இல்லை.