விலைபோகாத குழல்

ஜவுளிக்கடையில் துணிச் சுருளுக்கு நடுவே இருக்கும் அட்டைக் குழலை யாரும் பொருட்படுத்துவதில்லை. துணி தீர்ந்ததும் அது மூலைக்குப் போகும், பிறகு பழைய பேப்பர் எடுப்பவரின் வண்டிக்குப் போகும். ஆலையிலிருந்து நூலைச் சுமந்து வருவதும், சிவகாசியில் வெடிமருந்தை உள்ளே வைத்துக்கொள்வதும் இதே இனத்துக் குழல்தான். இது பின்னாளில் தேவாலயத்தின் தூணாகவும் பள்ளிக்கூடத்தின் கூரைச் சட்டமாகவும் அகதிகளின் கூடாரக் காலாகவும் ஆனது. அதற்குக் காரணமானவர் ஷிகெரு பான் என்ற ஜப்பானியக் கட்டடக் கலைஞர்.

1957-ல் டோக்கியோவில் பிறந்த பான், லாஸ் ஏஞ்சலஸிலும் நியூயார்க்கின் கூப்பர் யூனியனிலும் படித்துவிட்டு ஊர் திரும்பி, 1985-ல் சொந்த அலுவலகம் தொடங்கினார். பெரிய கட்டட வேலைகள் உடனே வந்துவிடவில்லை. கண்காட்சி அரங்குகளை அமைத்துக் கொடுத்தார். 1986-ல் ஃபின்லாந்தின் மேதை அல்வார் ஆல்டோவைப் பற்றிய கண்காட்சி அவர் கைக்கு வந்தது. ஆல்டோ என்றால் மரம். அவருடைய கட்டடங்களின் உட்புறத்தில் மரம் வளைந்து, அலையடித்து, கூரையிலிருந்து இறங்கிவரும். அதை நினைவூட்டும் அரங்கத்தை மரத்தாலேயே செய்யப் பணம் இல்லை. சில வாரங்களில் பிரித்தெறியப் போகிற ஒன்றுக்காக மரத்தை வீணாக்கப் பானுக்கு மனமும் இல்லை. முந்தைய கண்காட்சி ஒன்றில் திரைத்துணிகள் சுற்றி வந்த குழல்களை எறியாமல் வைத்திருந்தார். டிரேசிங் பேப்பர் தீர்ந்தபின் மிஞ்சும் குழல்களும் அலுவலகத்தில் கிடந்தன. அவற்றோடு ஒரு குழல் ஆலைக்குப் போய் விசாரித்தார். எந்த நீளத்திலும், எந்தப் பருமனிலும், எந்தத் தடிமனிலும் செய்து தர முடியும் என்றார்கள், விலையும் சொற்பம். ஆல்டோவின் மரக் கூரை அந்த அரங்கில் காகிதக் குழல்களின் வரிசையாக நின்றது.

இந்தக் குழல் செய்யப்படும் விதத்தைப் பார்த்தால் அதன் வலு புரியும். மறுசுழற்சிக் காகிதத்தை நீண்ட பட்டைகளாக வெட்டுகிறார்கள். பசை தோய்ந்த பட்டைகள் ஒரு எஃகுத் தண்டைச் சுற்றிச் சாய்வாக ஏறுகின்றன. ஒரு அடுக்கின் விளிம்பு இன்னொன்றின் விளிம்புக்கு நேராக வராதபடி அடுக்குமேல் அடுக்காகச் சுற்றி, இறுகியதும் தண்டிலிருந்து உருவித் தேவையான நீளத்துக்கு அறுக்கிறார்கள். நிறுத்தி வைத்து மேலிருந்து அழுத்தினால் நன்றாகவே தாங்கும். தண்ணீர்தான் அதன் எதிரி, அதற்குப் பாரஃபின் மெழுகோ வார்னிஷோ பூசுகிறார்கள். தீயைப் பற்றிய பயம் எல்லோருக்கும் முதலில் வரும். இறுக்கிக் கட்டிய பழைய புத்தகக் கட்டு சட்டென்று பற்றிக்கொள்வதில்லை, விளிம்புதான் கருகும். தடித்த குழலும் அப்படித்தான்.

ஒரு அரங்கத்தை அலங்கரிப்பது வேறு, ஒரு குடும்பத்தின் தலைக்குமேல் கூரையைத் தாங்குவது வேறு. கெங்கோ மட்சுயி என்ற மூத்த கட்டமைப்புப் பொறியாளரிடம் பான் போனார். வளைத்தும் நசுக்கியும் சோதனைகள் நடந்தன. 1989-ல் நகோயாவில் நடந்த வடிவமைப்புக் கண்காட்சியில் 48 குழல்களை வட்டமாக நிறுத்தி ஒரு திறந்தவெளிப் பந்தல் எழும்பியது. மாதக்கணக்கில் மழையிலும் காற்றிலும் நின்ற குழல்களைப் பிரித்துச் சோதித்தபோது, பசை மேலும் இறுகி அவற்றின் அழுத்தம் தாங்கும் திறன் கூடியிருந்தது. 1993-ல் ஜப்பானின் கட்டடச் சட்டத்தின்கீழ் காகிதக் குழல் கட்டமைப்புக்கு அரசின் ஒப்புதல் கிடைத்தது. 1995-ல் யமனகா ஏரிக்கரையில் 110 குழல்கள் ‘எஸ்’ வடிவில் வளைந்து ஒரு வீடானது. நிரந்தரக் கட்டடமாக அனுமதி பெற்ற முதல் காகிதக் குழல் வீடு அது.

பானின் பணி இதோடு முடிந்திருந்தால் இது ஒரு சாமர்த்தியமான வடிவமைப்பாளரின் கதை, அவ்வளவுதான். குழலின் உண்மையான பெருமை ருவாண்டாவில்தான் வெளிப்பட்டது.

1994 இனப்படுகொலையைத் தொடர்ந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ருவாண்டாவை விட்டு ஓடினார்கள். முகாம்களில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அவர்கள் நடுங்கும் படத்தைப் பத்திரிகையில் பார்த்த பான், ஜெனீவாவுக்குப் போய் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கதவைத் தட்டினார். அங்கே தெரியவந்த சிக்கல் விசித்திரமானது. ஆணையம் கொடுத்தது நாலுக்கு ஆறு மீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு. அதைக் கட்டக் கால்களுக்காக மக்கள் மரங்களை வெட்டினார்கள், முகாமைச் சுற்றியிருந்த காடு வேகமாக மொட்டையானது. மரத்துக்குப் பதில் அலுமினியக் குழாய் கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் அதை விற்றுவிட்டு மறுபடி மரம் வெட்டப் போனார்கள். குற்றம் அவர்களுடையதல்ல. பசித்த வீட்டில் விலைபோகிற பொருளைக் கூரைக்காலாக நட்டுவைத்தால் அது எத்தனை நாள் அங்கே இருக்கும்?

அந்த இடத்துக்குப் பொருத்தமான பொருள் உறுதியாக இருக்க வேண்டும், ஆனால் சந்தையில் விலைபோகக் கூடாது. அட்டைக் குழல் அதற்கென்றே அளந்து செய்ததுபோல் வந்து சேர்ந்தது. மலிவு என்பதை நாம் பெரும்பாலும் ஏழைக்குச் செய்யும் சமரசமாகவே பார்க்கிறோம். இங்கே மலிவுதான் தகுதி. ஆணையம் பானைத் தன் ஆலோசகராக அமர்த்தியது. மாதிரிகள் செய்து பார்த்தபின், 1999 வாக்கில் ருவாண்டாவில் 50 கூடாரங்கள் காகிதக் கால்களில் நின்றன. எண்ணிக்கை பெரிதல்ல. ஆனால் ஒரு கண்டுபிடிப்பாளன் பொருளைத் தேடுவதற்கு முன் அந்தப் பொருள் யார் கையில் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆப்பிரிக்க வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சொந்த நாட்டில் நிலம் குலுங்கியது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரம் இடிந்து, தீப்பிடித்து எரிந்தது. நகாட்டா பகுதியில் இருந்த தகட்டோரி கத்தோலிக்க தேவாலயமும் எரிந்தது. அதன் பங்கு மக்களில் பலர் படகேறி வந்த வியட்நாமியர்கள். பான் அங்கே போய், காகிதத்தால் தேவாலயம் கட்டித் தருகிறேன் என்றார். தீயில் வெந்த மண்ணில் நின்றுகொண்டிருந்த பாதிரியாருக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பான் பின்வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் டோக்கியோவிலிருந்து ரயிலேறித் திருப்பலிக்குப் போய் உட்கார்ந்தார். அப்படிப் போனபோதுதான் வியட்நாமியர்கள் பூங்காக்களில் ஒழுகும் கூடாரங்களில் கிடப்பதைக் கண்டார். தொலைவில் அரசு கட்டிய தற்காலிக வீடுகளுக்குப் போனால் வேலையை இழக்க வேண்டியிருக்கும்.

அதனால் முதலில் வீடுகள். அஸ்திவாரம் பீர் பாட்டில் கிரேட்டுகள், உள்ளே மணல் மூட்டை. சுமார் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழல்களை ஒன்றையொன்று தொட்டு நிறுத்திச் சுவராக்கினார்கள். இடுக்குகளில் தண்ணீர் புகாத நுரைப் பட்டை ஒட்டினார்கள். மேலே கூடாரத் துணி. மாணவர்களும் தன்னார்வலர்களும் கையாலேயே கட்டினார்கள், கிரேன் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிறகு தேவாலயம் எழுந்தது: ஐந்து மீட்டர் உயரக் குழல்கள் 58, நீள்வட்டமாக நின்றன. 160 தன்னார்வலர்கள் ஐந்து வாரத்தில் கட்டி முடித்தார்கள்.

சில வருடங்களுக்கென்று கட்டிய தேவாலயம் பத்து வருடம் நின்றது. திருப்பலி மட்டுமல்ல, அந்தப் பகுதி மக்களின் கூட்டங்களும் அங்கே நடந்தன. 2005-ல் நிரந்தரக் கட்டடத்துக்கு இடம் விட வேண்டியிருந்தபோதும் குழல்கள் குப்பைக்குப் போகவில்லை, கப்பலேறின. 1999 செப்டம்பரில் நிலநடுக்கத்தால் நொறுங்கிய தைவானின் பூலி அருகே தாவோமி என்ற கிராமம் அவற்றைக் கேட்டு வாங்கியது. 2008-ல் அங்கே அதே 58 தூண்களோடு அந்தக் கூடம் மறுபடி எழுந்தது. ஒரு நிலநடுக்கத்தில் பிறந்த கட்டடத்தை இன்னொரு நிலநடுக்கத்தில் அடிபட்ட ஊர் தத்தெடுத்துக்கொண்டது. காசு பார்க்கக் கட்டிய கான்கிரீட் கட்டடம் அடுத்த முதலாளி வந்ததும் இடிபடுகிறது, மக்கள் நேசித்தால் காகிதமும் நிலைக்கிறது என்று பான் பல மேடைகளில் சொல்லி வருகிறார். தாவோமியைப் பார்த்தவர்களுக்கு அதில் மறுப்பு இருக்காது.

2000-ல் ஜெர்மனியின் ஹனோவர் உலகக் கண்காட்சியில் ஜப்பான் அரங்கு குழலின் பிரமாண்ட வடிவம். ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஒட்டோ துணையோடு 440 குழல்களைப் பின்னல்போல் வளைத்து, ஏறத்தாழ 74 மீட்டர் நீளமும் 16 மீட்டர் உயரமும் உள்ள குகை ஒன்றை எழுப்பினார்கள். முடிந்ததும் எல்லாம் காகித ஆலைக்கே திரும்ப வேண்டும் என்பது திட்டம். ஜெர்மன் விதிகள் மர வளைவுகளையும் பி.வி.சி. கூரையையும் சேர்க்கச் சொன்னபோது பான் அதை மனதார ஏற்கவில்லை. பார்வைக்கு அதுதான் உச்சம். ஆனால் என் மனம் ஒட்டுவது அடுத்த வருடத்து பூஜ் வீடுகளோடுதான்.

2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத்தின் பூஜில் எழுந்த குழல் வீடுகளுக்குக் கிரேட்டுகள் இல்லை. இடிந்த வீடுகளின் கல்லும் செங்கலுமே அஸ்திவாரம். அதன்மேல் அந்த ஊர் வழக்கப்படி மண் தரை. கூரைக்கு மூங்கிலை வளைத்து, இரண்டு பாய்களுக்கு நடுவே பிளாஸ்டிக் விரித்தார்கள். பாயின் சின்னச் சின்னத் துளைகள் வழியே காற்றும் அடுப்புப் புகையும் போய்வந்தன. குழல் அதேதான், அடியிலும் மேலேயும் உள்ளதை ஊர் கொடுத்தது.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் தென்கரையில் கிரிந்த என்ற ஊருக்கு பான் போனார். முஸ்லிம் மீனவக் குடும்பங்களுக்கு வீடு கட்டும் பொறுப்பு. அங்கே அவர் குழலைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நிரந்தர வீடு வேண்டும், கிடைப்பது மண். எனவே அழுத்திச் செய்த மண்கல்லில் சுவர், ரப்பர் மரத்தில் அலமாரிகளும் பலகைகளும். வீட்டுக்கு நடுவே கூரையிட்ட முற்றம் விட்டு, விருந்தினர் வரும்போது பெண்கள் தனியே இருக்க வசதியாகத் தடுப்பு அமைத்தார். தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட பொருளைத் தேவையில்லாத இடத்தில் கீழே வைக்கத் தெரிவது எல்லாக் கண்டுபிடிப்பாளர்களுக்கும் கைவருவதில்லை.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி நிலநடுக்கம் 185 பேரைப் பலிகொண்டு, நகரின் கல் பேராலயத்தையும் சிதைத்தது. பான் சம்பளம் வாங்காமல் மாற்றாலயம் வரைந்து கொடுத்தார், 2013-ல் திறந்தார்கள். கூரையின் இரு சரிவிலுமாக 98 குழல்கள், கீழே சரக்குக் கன்டெய்னர்கள், சுமார் 700 பேர் அமரலாம். உள்ளூரில் போதிய தடிமனில் குழல் கிடைக்காததால் உள்ளே மர உத்திரங்களைச் செருக வேண்டியிருந்தது. தூய்மைவாதிகளுக்கு அது குறையாகப் படலாம். வெளிநாட்டிலிருந்து தடித்த குழலை இறக்குமதி செய்வதைவிட உள்ளூர்க் குழலுக்குள் மரத்தைச் செருகியதே நியாயம் என்பது என் கட்சி.

இந்த இடைவெளிகளில் அவர் பிரான்சின் மெட்ஸ் நகரின் பாம்பிடூ அருங்காட்சியகத்தையும், சூரிச்சில் மரச்சட்டத்தாலான ஏழு மாடி அலுவலகத்தையும் கட்டினார். பூட்டியதும் கண்ணாடிச் சுவர் மங்கிவிடும் டோக்கியோ பொதுக் கழிப்பறையும் அவருடையதே. 2014-ல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு வந்தது.

குழலின் மிக எளிய வடிவம் இன்னும் பாக்கி. பேரிடர் வந்தால் ஜப்பானில் மக்களைப் பள்ளி விளையாட்டரங்குகளில் தங்கவைப்பார்கள். ஒரே தரையில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். உடை மாற்ற, குழந்தைக்குப் பால் கொடுக்க, அழ, மறைவு கிடையாது. பருமனான குழலில் துளையிட்டு, மெல்லிய குழலை அதில் நுழைத்துச் சட்டமாக்கி, வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு ஊக்கு குத்தினால் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. ஆணியும் வேண்டாம், ஆசாரியும் வேண்டாம். 2004 நீகாட்டா நிலநடுக்கத்திலிருந்து பான் இதைச் செம்மைப்படுத்தி வந்தார். ஆனால் 2011 சுனாமிக்குப் பிறகு முகாம் முகாமாக ஏறி இறங்கியபோது பல இடங்களில் மறுத்தார்கள். தடுப்பு வைத்தால் மக்களைக் கண்காணிப்பது கடினம் என்றார்கள். ஒட்சுச்சியில் ஒரு பள்ளியின் ஆசிரியர் சம்மதித்த பிறகே வழி திறந்தது. அந்த வருடம் ஐம்பதுக்கும் மேற்பட்ட முகாம்களில் 1,800-க்கும் மேற்பட்ட தடுப்பறைகள் எழுந்தன.

அதன்பின் நகராட்சிகளே முன்வந்து, பேரிடருக்கு முன்கூட்டியே பானின் தன்னார்வ அமைப்புடன் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தொடங்கின. 2022-ல் உக்ரைனிலிருந்து தப்பி வந்தவர்களுக்காகப் போலந்தின் கெல்ம் நகரில், மூடிக் கிடந்த பல்பொருள் அங்காடிக்குள் அதே சட்டங்களை அங்கத்திய மாணவர்கள் பூட்டினார்கள். 2024 புத்தாண்டு அன்று நோட்டோ தீபகற்பம் குலுங்கியபோது தடுப்பறைகள் அங்கேயும் போயின. முகாமுக்குப் பிந்தைய தற்காலிக வீடுகளைச் சூசு நகரில் கட்ட வேண்டி வந்தபோது பான் குழலை எடுக்கவில்லை, மரத்தில் கட்டினார்.