எயிற்பட்டினம் முதல் ஈ.சி.ஆர். வரை - மரக்காணத்தின் கதை

சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைப் பார்ப்பது பெரும்பாலும் பஸ் ஜன்னல் வழியாகத்தான். சாலையோரம் வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல்கள், மேலே ஓலை மூடியிருக்கும். யாராவது ஒருவர் செல்போனில் படம் எடுப்பார். ஐந்து நிமிடத்தில் ஊர் பின்னால் போய்விடும். இந்த ஊர் ஒரு காலத்தில் வசதியான பட்டினமாக இருந்தது என்று சொன்னால் பக்கத்து சீட்காரர் நம்ப மாட்டார்.

வசதியான ஊர் என்றால் இன்று இதே சாலையின் வடக்கு முனையைத்தான் காட்டுவார்கள். பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம்... கடலைப் பார்த்த பங்களாக்கள், ஆள் உயரத்துக்கு மேல் மதில்கள், வாசலில் காவலாளி. இவையும் ஒரு காலத்தில் குப்பங்களும் சவுக்குத் தோப்புகளும்தான். 1966ல் ஓவியர்கள் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது அது நகரத்துக்கு வெளியே மணல் காடு. அந்த மணல்தான் இன்று சென்னையின் விலை உயர்ந்த புறநகர்களில் ஒன்று. மரக்காணத்தின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது.

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பற்றி நல்லூர் நத்தத்தனார் பாடியது. பரிசு வாங்கி வரும் பாணன் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழியில் முதலில் வருவது கடற்கரையில் உள்ள எயிற்பட்டினம். பிறகு வேலூர் (கோட்டை இருக்கும் வேலூர் இல்லை, இந்தப் பக்கத்து உப்புவேலூர் என்கிறார்கள்), ஆமூர், கடைசியில் மன்னனின் ஊரான கிடங்கில். கிடங்கில் என்பது இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய இடம். அங்கிருந்து கடலை நோக்கி நடந்தால் வந்து சேரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு.

எயில் என்றால் மதில். மதிலால் பெயர் பெற்ற ஊர்! அங்கே நுளையர் வீட்டில் கள் காய்ச்சும் அடுப்புக்கு விறகு எது தெரியுமா? அலை கொண்டு வந்து ஒதுக்கிய வாசனை மரம். கரையில் கிடக்கும் அந்தக் கட்டைகள் படுத்துத் தூங்கும் ஒட்டகங்கள் மாதிரி இருந்தனவாம். தமிழ்நாட்டுக் கடற்கரைக் கவிஞருக்கு ஒட்டகம் எப்படி உவமையாக வந்தது என்று யோசித்தாலே கடல் வாணிபம் எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்பது புரியும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ் என்ற வணிகக் கையேடு இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்று துறைகளைச் சொல்கிறது. சோ என்றாலும் தமிழில் மதில்தான். எனவே சோப்பட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்றே என்ற வாதத்தில் பலம் இருக்கிறது. தமிழகத் தொல்லியல் துறையும் 2005-06ல் இங்கே அகழாய்வு நடத்தியது. ஊரில் உள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன.

துறைமுகம் போனபின் எஞ்சியது உப்பு. நெய்தல் நிலத்தில் உப்பு விளைவதும், உமணர்கள் அதை வண்டியில் ஏற்றி நெல்லுக்கு மாற்றுவதும் சங்க காலத்திலேயே இருந்த வியாபாரம்தான். மாறியது, அதன் லாபம் யாருக்கு என்பது. 1805ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாண உப்பு முழுவதையும் தன் ஏகபோகமாக்கியது. விளைவிப்பவன் கம்பெனி சொன்ன விலைக்குக் கம்பெனிக்குத்தான் விற்க வேண்டும். கம்பெனி அதைப் பல மடங்கு விலை வைத்து அவனுக்கே விற்கும். பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி இருந்ததே, அங்கே மலிவாகக் கிடைத்தால்? அதற்கும் வழி செய்தார்கள். 1818ல் ஒரு ஒப்பந்தம் போட்டு, ஆண்டுதோறும் பணம் கொடுத்து, பிரெஞ்சுப் பகுதியில் உப்பு விளைவிப்பதையே நிறுத்த வைத்தார்கள். போட்டியை விலைக்கு வாங்கி மூடுவது நம் காலத்து கார்ப்பரேட் கம்பெனிகள் கண்டுபிடித்த வித்தை என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

பிறகு கால்வாய் வந்தது. 1806ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய பக்கிங்காம் கால்வாய் படிப்படியாக நீண்டு, ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் இருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஆனது. தாது வருஷப் பஞ்சத்தில் பசித்துக் கிடந்தவர்களைக் கூலிக்கு வைத்து, சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள். தெற்கில் இருந்து உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் திருவான்மியூர், மயிலாப்பூர் வழியாக நகருக்குள் போயின. சென்னையில் உப்பு இறங்கிய இடத்துக்கு சால்ட் கோட்டர்ஸ் என்று பெயரே நிலைத்துவிட்டது. 1960களின் புயல்களில் கால்வாய் சிதைந்து படகுப் போக்குவரத்தும் நின்றுபோனது. இன்று நகருக்குள் அது சாக்கடை.

மரக்காணத்தில் இப்போது சுமார் 3,000 ஏக்கரில் உப்பளங்கள் இருக்கின்றன. மத்திய அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்களும் உண்டு. பொங்கலுக்குப் பிறகு பாத்தியைச் சீர் செய்து தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை வரும்வரை வேலை. விடிவதற்கு முன்பே இறங்கிவிடுவார்கள், ஏனென்றால் வெயில் ஏறினால் வெள்ளைப் பாத்தி கண்ணைப் பறிக்கும். கெட்டியான உப்பு நீரில் நின்று மரப்பலகையால் வாரி வரப்பில் சேர்க்க வேண்டும். காலில் சிறு கீறல் இருந்தாலும் ஆறாது. தலைச்சுமையாகத் தூக்குவதில் பெண்களே அதிகம். பாத்தி ஓரத்தில் உப்புக்குக் கிடைக்கும் விலையையும் கடையில் பாக்கெட் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் நடுவில் இருப்பது அரைப்பு, அயோடின், பை, லாரி, விளம்பரம். மழை மாதங்களில் கூலி கிடையாது. 2022ல் இருந்து தமிழக அரசு அந்தக் காலத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் மூன்று மாதத்துக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு ஒரு குடும்பத்துக்கு 55 ரூபாய் வருகிறது.

2002ல் ஈ.சி.ஆர். சுங்கச் சாலையானபோது சென்னை மரக்காணத்துக்கு மிக அருகில் வந்தது. வந்த வேகத்திலேயே தாண்டியும் போனது. கடலோர நிலத்துக்கு மனைப்பிரிவுப் பலகைகள் வந்தன. வடக்கே நீலாங்கரையில் நடந்தது மெதுவாகத் தெற்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. அது வந்தால் மீனவர்களும் உப்பளத் தொழிலாளர்களும் மதிலுக்கு எந்தப் பக்கம் இருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. சிறுபாணாற்றுப்படை கள் மணத்தோடு காட்டிய அதே கரையில், எக்கியார்குப்பத்தில், 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போதுதான் மரக்காணம் பல நாள் செய்தியில் இருந்தது.

ஊருக்கு மேற்கே உள்ள கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உப்பங்கழியும் ஏரியும் உப்பளமும் இங்கே ஒரே நீரால் இணைந்தவை. மழை வெள்ளம் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையில் மரக்காணம் உப்பளங்கள் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் சேற்றை வாரி, வரப்பை மறுபடி கட்டி, தரையை மிதித்து இறுக்கினால்தான் பாத்தியில் அடுத்த உப்பு எடுக்க முடியும்.