ரஷ்யாவில் தணிக்கையும் பரப்புரையும் மக்களின் ஐயமும் (1917–2022)

தணிக்கையின் தொடக்கம்

1917 நவம்பரில், ஆட்சியைக் கைப்பற்றிய சில நாட்களுக்குள், போல்ஷெவிக் அரசு பத்திரிகைகள் பற்றிய ஆணையைப் பிறப்பித்தது. எதிர்ப்பு இதழ்களை மூட வழிசெய்த அந்த ஆணை, இயல்பு நிலை திரும்பியதும் கட்டுப்பாடுகள் நீங்கும் என்றும் கூறியது. அவை நீங்கவில்லை. 1922இல் கிளாவ்லித் என்ற தணிக்கைத் துறை உருவாயிற்று. 1925இல் டாஸ் செய்தி நிறுவனம் அமைந்தது. 1932–33ஆம் ஆண்டுகளின் பஞ்சம் பல இலட்சம் பேரைப் பலிகொண்டபோதும் சோவியத் ஏடுகள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மக்கள் கண்ட வழிகள்

இந்த மௌனம் மக்களிடம் தனியொரு வாசிப்புப் பழக்கத்தை வளர்த்தது. ஏட்டில் இருப்பதைக் காட்டிலும் இல்லாததை அவர்கள் கூர்ந்து கவனித்தனர். அணிவகுப்புப் படத்தில் எந்தத் தலைவர் எங்கே நிற்கிறார், யாரைக் காணவில்லை என்பதிலிருந்து கட்சிக்குள் நடப்பதை ஊகித்தனர். பிபிசி, ரேடியோ லிபர்ட்டி போன்ற வெளிநாட்டு வானொலிகளை, அரசு எழுப்பிய இரைச்சலையும் மீறிக் கேட்டனர்.

தட்டச்சில் படியெடுக்கப்பட்டுக் கைமாறிய சமிஸ்தாத் இதழ்கள் இவ்வழிகளுள் தனிச்சிறப்புடையவை. 1968இல் மாஸ்கோவில் தொடங்கிய ‘நடப்பு நிகழ்வுகளின் பதிவேடு’ கைதுகளையும் விசாரணைகளையும் சிறைமுகாம்களின் நிலையையும் கருத்துரை கலவாமல் பதிவு செய்தது. செய்தி தர விரும்பியவர், தமக்கு இதழைத் தந்தவரிடமே அதைக் கொடுக்க வேண்டும். அவர் தமக்குத் தந்தவரிடம் சேர்ப்பார். சங்கிலி முழுவதையும் அறிய முயல்பவர் உளவாளியாகக் கருதப்படுவார் என்ற எச்சரிக்கையும் இருந்தது. ஓர் இதழில் நேர்ந்த பிழை பின்னர் வந்த இதழில் திருத்தப்பட்டது. அரசின் சொல்லை நம்பாதவர்கள், செய்தியைச் சரிபார்க்கும் முறையைத் தாமே அமைத்துக்கொண்டனர்.

செர்னோபிலும் கிளாஸ்நோஸ்தும்

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் கதிரியக்கம் கண்டறியப்பட்ட பிறகே, 28ஆம் தேதி இரவுச் செய்தியில் சில வரி அறிவிப்பு வெளியானது. கீவ் நகரில் மே நாள் அணிவகுப்பு வழக்கம்போல் நடத்தப்பட்டது. செய்தியை மறைப்பது உயிரைப் பறிக்கும் என்பது அப்போது வெட்டவெளிச்சமானது. சோவியத் தலைவர் கோர்பச்சேவின் ‘கிளாஸ்நோஸ்த்’ என்ற வெளிப்படைக் கொள்கையும் வேகம் பெற்றது. 1990இல் இயற்றப்பட்ட பத்திரிகைச் சட்டம் தணிக்கையை ஒழித்தது. அதே ஆண்டில் ‘அர்குமெந்தி இ ஃபக்தி’ வார இதழின் விற்பனை 3 கோடிப் படிகளைத் தாண்டியது.

செல்வந்தர்களிடமிருந்து அரசிடம்

சோவியத் ஒன்றியம் கலைந்த பின் இயற்றப்பட்ட 1993ஆம் ஆண்டு ரஷ்ய அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவு தணிக்கையைத் தடை செய்தது. ஆனால் பெரிய ஊடகங்கள் குசின்ஸ்கி, பெரெசோவ்ஸ்கி போன்ற பெருஞ்செல்வந்தர்களின் பிடிக்குள் வந்தன. 1996 அதிபர் தேர்தலில் குசின்ஸ்கியின் என்டிவி தொலைக்காட்சியின் தலைவரே அதிபர் யெல்த்சினின் பரப்புரைக் குழுவில் இடம்பெற்றார். சுதந்திர ஊடகமும் விலைபோகும் என்ற எண்ணம் மக்களிடையே பரவியது. எனவே 2001இல் அரசுச் சார்பு நிறுவனமான காஸ்ப்ரோம் என்டிவியைக் கைப்பற்றியபோது, எழுந்த எதிர்ப்பு அதைத் தடுக்கும் அளவுக்கு வலுப்பெறவில்லை. 2006இல் ‘நோவாயா கசெத்தா’ ஏட்டின் செய்தியாளர் அன்னா பொலித்கோவ்ஸ்கயா மாஸ்கோவில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

முரண்படும் விளக்கங்கள்

2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனில் மலேசிய விமானம் வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். உக்ரைனியப் போர் விமானமே காரணம் என்றும், உக்ரைன் ஏவிய ஏவுகணையே காரணம் என்றும் ஒன்றுக்கொன்று முரணான விளக்கங்கள் ரஷ்யத் தரப்பிலிருந்து அடுத்தடுத்து வந்தன. சோவியத் பரப்புரை ஒரே கதையை நம்பச் சொன்னது. புதிய பரப்புரை எதையும் நம்ப முடியாதபடி குழப்பியது.

ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததை அடுத்து, 2022 மார்ச்சில், இராணுவத்தைப் பற்றிப் ‘பொய்ச் செய்தி’ பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்ற சட்டம் வந்தது. எக்கோ மாஸ்க்வி வானொலி மூடப்பட்டது. நோவாயா கசெத்தா வெளியீட்டை நிறுத்தியது. செய்தியாளர் பலர் ரீகா போன்ற நகரங்களிலிருந்து இணையம் வழியே எழுதுகின்றனர்.

முடிவுரை

ஐயம் மட்டுமே மக்களை விடுவிப்பதில்லை என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. சமிஸ்தாத் வாசகரின் ஐயம் உண்மையைத் தேட வைத்தது. ‘எல்லோரும் பொய்யரே’ என்ற ஐயம் தேடலையே நிறுத்திவிடுகிறது. முன்னது ஆட்சியாளரை அச்சுறுத்தியது, பின்னது அவர்களுக்குக் கைகொடுக்கிறது. சரிபார்த்து எழுதும் சுதந்திர ஏடுகளும், அவற்றைக் காக்கும் நீதிமன்றங்களும் இருந்தால்தான் மக்களின் ஐயம் பயன் தரும்.