ஒரே மருந்துக் குப்பியில் வந்த இரண்டு கிருமிகள்

பதிவு சற்று நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற வாரம், மருந்துக்கடை வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், எச்.ஐ.வி. இருக்கறவங்க மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டும் சிலருக்குக் கல்லீரல் கெட்டுப்போகுதே, ஏன் சார்?"

நான் மருத்துவன் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன். ஆனால் இதற்கான பதில் ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாற்றில் இருக்கிறது. அதனால் எழுதத் துணிந்தேன்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ட்ரெலோர் என்றொரு உறைவிடப் பள்ளி. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கானது. 1970, 80களில் ஹீமோஃபிலியா உள்ள சிறுவர்கள் பலர் அங்கே படித்தார்கள். ரத்தம் சரியாக உறையாத பிறவிக் குறை அது. முட்டியில் லேசாக அடிபட்டாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து வீங்கிவிடும். பள்ளி வளாகத்திலேயே சிகிச்சை மையம் இருந்தது. பெற்றோர் நம்பி அனுப்பினார்கள்.

அப்போது 'ஃபேக்டர் 8' என்ற புது மருந்து வந்திருந்தது. ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து தயாரித்த தூள். பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே காசுக்கு ரத்தம் கொடுத்தவர்களும் சிறைக்கைதிகளும் கொடையாளர்களில் இருந்தார்கள். ஒருவரிடம் கிருமி இருந்தால் போதும், மொத்தக் கலவையும் கெட்டது. குடம் பாலுக்குத் துளி விஷம்.

ரத்தம் ஏற்றியவர்களுக்கு வரும் மஞ்சள் காமாலை ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை என்று 1975-லேயே ஹார்வி ஆல்டர் குழுவினர் கண்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் கிருமி பிடிபட்டது 1989-ல்தான். அதுதான் ஹெபடைடிஸ் சி. இதற்கிடையில் 1983-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் போட்ட ஊசியில் இரண்டுமே இருந்தன.

இப்போது என் மாணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சி கிருமி குடியிருப்பதும் பெருகுவதும் கல்லீரல் செல்களில். உடம்பின் எதிர்ப்பணுக்கள் அதை ஓரளவு அடக்கி வைக்கும். எச்.ஐ.வி. அழிப்பது அந்தக் காவல்காரர்களை. காவல் குறைந்ததும் சி கிருமி தடையின்றிப் பெருகும். இரண்டும் உள்ளவர்களின் ரத்தத்தில் சி கிருமியின் அளவு, அது மட்டும் உள்ளவர்களைவிடப் பொதுவாக அதிகம். கல்லீரலில் தழும்பு விழுந்து சுருங்குவதும் சீக்கிரமே நடக்கிறது.

கல்லீரலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று நேரே பார்க்க, ஊசியால் சிறு துண்டு எடுக்க வேண்டும். ரத்தம் உறையாத பிள்ளைக்கு அதுவே ஆபத்து. அதனால் உள்ளே நடந்த நாசத்தைப் பார்ப்பதும் எளிதாக இல்லை.

1996-க்குப் பிறகு கூட்டு மருந்துகள் வந்து எச்.ஐ.வி. மரணங்கள் குறைந்தன. தப்பிப் பிழைத்தோம் என்று மூச்சுவிட்டவர்களைக் கல்லீரல் நோய் பிடித்துக்கொண்டது. பெரிய எதிரியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், சின்னது என்று நினைத்தது உள்ளேயிருந்து அரித்துவிட்டது.

2024 மே 20 அன்று நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணை அறிக்கை வெளியானது. நடந்தது விபத்து அல்ல என்றது. ஆபத்து தெரிந்த பிறகும் மருந்து தொடர்ந்தது. பிள்ளைகள் ஆய்வுப் பொருளாகவும் பயன்பட்டார்கள். பெற்றோருக்கு முழு விவரம் சொல்லப்படவில்லை. 1970 முதல் 1987 வரை அங்கே படித்த ஹீமோஃபிலியா மாணவர்கள் 122 பேர். அறிக்கை வெளியானபோது உயிரோடு இருந்தவர்கள் சுமார் 30.

வாழ்நாளெல்லாம் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டவன் நான். 122 பெயர் கூப்பிட்டு, 30 குரல் மட்டும் 'உள்ளேன் ஐயா' என்றால் எப்படி இருக்கும்? அந்த எண்ணைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆறுதலான செய்தியும் உண்டு. 2013-க்குப் பிறகு வந்த புதிய மாத்திரைகளை 8 முதல் 12 வாரம் சாப்பிட்டால் சி கிருமி நூற்றில் 95 பேருக்கு மேல் அடியோடு போய்விடுகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அப்படியே. தடுப்பூசிதான் இன்னும் இல்லை. நம் நாட்டிலும் 2018 முதல் தேசியத் திட்டத்தில் இதற்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

ஆகவே பிள்ளைகளே, பல ஆண்டுகளுக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், எச்.ஐ.வி.க்கு மருந்து எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் ஒருமுறை சி பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. அந்தச் சிறுவர்கள் செய்த தவறு என்ன? ஊசிக்குக் கை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்