சொந்தத் திசுவால் சீராகும் இருதய வால்வு

நமது இருதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இரத்தத்தை ஒரே திசையில் செல்லவிட்டு, திரும்பாமல் தடுக்கும் கதவுகள் இவை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன. சிறுவயதில் வரும் வாதக் காய்ச்சலாலோ முதுமையில் சுண்ணாம்பு படிவதாலோ இவை பழுதடையலாம். பழுதடைந்த வால்வுக்கு நோயாளியின் சொந்தத் திசுவே மாற்றாகுமா?

1960-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டார், பொறியாளர் லோவெல் எட்வர்ட்ஸுடன் உருவாக்கிய செயற்கை வால்வை நோயாளிக்குப் பொருத்தினார். கூண்டுக்குள் ஒரு பந்து, அவ்வளவுதான். அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் அந்நியப் பொருளின் மீது இரத்தம் உறையும். அதைத் தடுக்க ஆயுள் முழுவதும் வார்ஃபரின் போன்ற மருந்து தேவை. அளவு குறைந்தால் இரத்தக்கட்டி, கூடினால் இரத்தப்போக்கு. கருவிலுள்ள குழந்தைக்கும் அம்மருந்து தீங்கு விளைவிக்கலாம்.

இதற்கு மாற்று தேடியவர், தென்னாப்பிரிக்காவில் பிறந்து லண்டனில் பணியாற்றிய டோனால்ட் ராஸ். 1962-இல் இறந்தவரின் வால்வைப் பொருத்திய அவர், 1967-இல் மேலும் துணிந்தார். நோயாளியின் நுரையீரல் தமனி வால்வை எடுத்து, பழுதான மகாதமனி வால்வின் இடத்தில் தைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அமைப்பு கொண்டவை. காலியான இடத்தில் தானமாகப் பெற்ற வால்வை வைத்தார். அங்கு இரத்த அழுத்தம் குறைவு. இடம் மாறிய வால்வு உயிருள்ளது என்பதால் குழந்தைகளுக்கு அது உடலோடு சேர்ந்து வளரும். ஒரு வால்வின் நோய்க்காக இரண்டு வால்வுகளில் கை வைப்பதா என்ற கண்டனமும் எழாமலில்லை.

1969-இல் ராஸும் மரியன் அயனெஸ்குவும் தொடைத் தசையைப் போர்த்திய சவ்வில் வால்வு செய்த அனுபவத்தை வெளியிட்டனர். அதுவும் நோயாளியின் சொந்தத் திசுதான். ஆயினும் நாளடைவில் அது தடித்துச் சுருங்கியதால் கைவிடப்பட்டது.

2007-இல் ஜப்பானிய மருத்துவர் ஷிகெயுகி ஒசாகி, இருதயத்தின் மேலுறையைப் பயன்படுத்தும் முறையைத் தொடங்கினார். உறையின் ஒரு பகுதியை குளுட்டரால்டிஹைட் கரைசலில் 10 நிமிடம் பதப்படுத்தி, அளவெடுத்து மூன்று இதழ்களாக வெட்டித் தைப்பார். பதப்படுத்திய திசு சுருங்குவது குறையும்; ஆனால் வளராது. ராஸ் முறைக்குள்ள அரை நூற்றாண்டு அனுபவமும் இதற்கு இல்லை.

ஆக, 'நம்முடையது' என்பது மட்டுமே போதாது. எந்தத் திசு, எந்த இடத்தில், எந்த வயதினருக்கு என்பதே முக்கியம். வால்வு சிகிச்சை தேவைப்படும் இளையோரும் அவர்தம் பெற்றோரும் இக்கேள்விகளை மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.